1000 கேட்டேன், 8 வந்தது: ஒரு சைன் அலை ஜெனரேட்டர் கட்டிய ஐந்து மாதங்கள்

நானே செய்த ஆடியோ ஃபில்டர்களைச் சோதித்துப் பார்க்க ஒரு சைன் அலை ஜெனரேட்டர் தேவைப்பட்டது. 10 ஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் வரை போக வேண்டும். பட்டனைத் தட்டினால் அதிர்வெண் மாற வேண்டும். அலையின் உயரத்தையும் மைக்ரோகன்ட்ரோலரே கூட்டிக் குறைக்க வேண்டும். உச்சியிலிருந்து அடி வரை 10 வோல்ட் கிடைத்தால் போதும். இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஐந்து மாதம் ஆனது. செலவழித்த பணத்தில் ஏறக்குறைய பாதி, கெட்டுப்போகாத பொருளைக் கெட்டுப்போனது என்று நினைத்து மறுபடி வாங்கியதிலும், நானே எரித்த பொருட்களிலும் போயிற்று. நடுவில் ஒரு மாதம் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன், அந்தப் பக்கமே போகவில்லை. கேட்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அப்போது யாராவது இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீன் பிரிட்ஜ் ஆஸிலேட்டரைத்தான் யோசித்தேன். வில்லியம் ஹெவ்லெட் 1939-இல் ஒரு சின்ன பல்பை வைத்து அலையின் உயரத்தைக் கட்டுக்குள் நிறுத்தினாரே, அந்த வகை. அலை மிகச் சுத்தமாக வரும். ஆனால் அதிர்வெண்ணை மாற்ற இரண்டு ரெசிஸ்டர்களை ஒரே அளவில், ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். கையால் திருப்பும் இரட்டைப் பொட்டென்ஷியோமீட்டருக்கு, அதாவது அளவை மாற்றக்கூடிய ரெசிஸ்டருக்குச் சரி, கன்ட்ரோலரை வைத்து 10 ஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் வரை கொண்டுபோவது பெரும்பாடு. அதனால் அதை விட்டுவிட்டு, அர்டுயினோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் எட்டு பின்களில், அவற்றின் 0, 1-களை ஒரே வோல்டேஜாகச் சேர்க்கும் ரெசிஸ்டர் ஏணி கட்டி, சைன் அட்டவணையை நிரலில் வைத்து, அதையே அலையாக வெளியே தள்ளலாம் என்று இறங்கினேன்.

ஏணி கட்டியது வீண் என்று சொல்ல மாட்டேன், நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் கையில் இருந்த 5 சதவீத ரெசிஸ்டர்களைப் போட்டது தவறு. எண் 127-இலிருந்து 128-க்கு மாறும்போது ஏழு பிட்டுகள் அணைந்து ஒரே ஒரு பெரிய பிட் எரிகிறது. அந்த ஒரு பிட்டின் ரெசிஸ்டர் 5 சதவீதம் கூடுதலாக இருந்தால், அலை ஒரு படி ஏற வேண்டிய இடத்தில் ஐந்து படி இறங்கிவிடும். எனக்கு அதேதான் நடந்தது: அலையின் நடு உயரத்தில், ஏறும்போதும் இறங்கும்போதும், பல் உடைந்த சீப்பு மாதிரி ஒரு வெட்டு. கணக்குப் போட்டால் 8 பிட்டுக்கு 1 சதவீத ரெசிஸ்டர்கூடப் போதாது. அதோடு, விநாடிக்கு 50,000 புள்ளிகளுக்கு மேல் என் நிரலால் தள்ள முடியவில்லை. 5 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுற்றுக்குப் பத்தே புள்ளிகள். 100 கிலோஹெர்ட்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைப் பேப்பரில் பத்து நிமிடத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம், நான் மூன்று வாரம் கழித்துப் போட்டேன்.

பிறகுதான், ஒரு எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய அதிர்வெண்ணில் அலையைத் தரும் ஏடி9833 சிப்புக்கு வந்தேன். 1971-இல் டியர்னி, ரேடர், கோல்ட் மூவரும் எழுதிய கட்டுரையில் உள்ள அடிப்படைதான் இதற்குள்ளும் இருக்கிறது. ஒரு கடிகார முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். முழு வட்டம் என்பது 2-இன் 28-ஆம் அடுக்கு, அதாவது 26,84,35,456 கோடுகள். 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் ஒவ்வொரு துடிப்புக்கும், நாம் கொடுக்கும் எண் அளவுக்கு முள் நகர்கிறது. பெரிய எண் கொடுத்தால் வேகமாகச் சுற்றும், சின்ன எண் என்றால் மெதுவாக. முள் நிற்கும் கோணத்துக்குரிய சைன் மதிப்பை உள்ளே இருக்கும் அட்டவணை தருகிறது, அதை 10 பிட் டிஏசி வோல்டேஜாக மாற்றுகிறது. எண் ஒன்று கூடினால் அதிர்வெண் 0.093 ஹெர்ட்ஸ் கூடும். இவ்வளவு நுணுக்கம் கையடக்க மாட்யூலில் கிடைக்கிறது என்று தெரிந்த அன்று தூக்கமே வரவில்லை.

கொடுக்க வேண்டிய எண்ணின் கணக்கு எளிது: வேண்டிய அதிர்வெண்ணை 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கி, 25,000,000-ஆல் வகுக்க வேண்டும். அதை அப்படியே நிரலில் ஒரே வரியாக எழுதினேன். 1000 ஹெர்ட்ஸ் கொடுத்தேன். அப்போது என்னிடம் மல்டிமீட்டர் மட்டும்தான் இருந்தது. ஏசி ரேஞ்சில் ஒன்றும் நிலையாக வரவில்லை, டிசி ரேஞ்சில் எண் ஆடிக்கொண்டே இருந்தது. மாட்யூல் கெட்டது என்று முடிவு கட்டினேன். இரண்டாவது மாட்யூல் வாங்கினேன், அதே ஆட்டம். ஒரே இடத்துச் சரக்கு என்பதால்தான் என்று நினைத்து, வேறொரு விற்பனையாளரிடம் மூன்றாவதை வாங்கினேன். அதிலும் அப்படியே. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் இல்லை, ஒரு மாதிரி வெட்கம். எல்லோருக்கும் எளிதாக வரும் வேலை எனக்கு மட்டும் வரவில்லை என்ற நினைப்பு. டப்பாவை மூடியது அப்போதுதான்.

மறுபடி திறந்தது, அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் ஒன்று, பழையதுதான், கைக்கு வந்த பிறகு. முதல் தடவை வைத்துப் பார்த்தபோது திரையில் வெறும் கோடுதான், மேலும் கீழும் மெல்ல அலைந்தது. 1 கிலோஹெர்ட்ஸ்தானே வர வேண்டும் என்று ஒரு கட்டத்துக்கு 200 மைக்ரோ விநாடி வைத்திருந்தேன். ஏதோ தோன்றி நேர அளவை 50 மில்லி விநாடிக்குத் திருப்பினேன். அழகான, துளி உடைசல் இல்லாத சைன் அலை. ஆனால் 8 ஹெர்ட்ஸ். 1001 கொடுத்தேன், 9 ஹெர்ட்ஸ். 1002-க்கு 10. ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனேன், 1007-க்கு 15 வந்தது. 1008 கொடுத்ததும் அலையே இல்லை, நேர்கோடு. அந்த இடத்தில்தான் பொறி தட்டியது: கொடுக்கும் எண்ணை 16-ஆல் வகுத்தால் என்ன மீதியோ அதுதான் அதிர்வெண்ணாக வருகிறது.

காரணம் என் ஒற்றை வரிதான். 1000-ஐ 26 கோடியே 84 லட்சத்துச் சொச்சத்தால் பெருக்கினால் வரும் விடை 32 பிட் எண்ணுக்குள் அடங்காது. 32 பிட்டில் 4,29,49,67,295-க்கு மேல் இடமில்லை, மேலே உள்ளது சத்தமில்லாமல் வழிந்துபோய்விடும். 28 பிட் அளவுக்குத் தள்ளிப் பெருக்கியதால் நான் கொடுத்த எண்ணின் கடைசி நான்கு பிட்டுகள் மட்டும் தப்பின. கம்பைலர் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. பெருக்கலை 64 பிட்டில் செய்யும்படி மாற்றினேன், அந்த நொடியே 1000 ஹெர்ட்ஸ் வந்தது. ஓரம்கட்டிய மற்ற இரண்டு மாட்யூல்களையும் எடுத்துச் சொருகினேன். மூன்றும் நன்றாகவே வேலை செய்தன. முதல் நாளிலிருந்தே நான் கேட்டதைத்தான் அவை கொடுத்துக்கொண்டிருந்தன.

அதனால் இதைக் கட்டப் போகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: சிப்பைத் தொடும் முன், நிரல் கணக்கிடும் எண்ணைத் திரையில் அச்சடித்துப் பாருங்கள். 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு 1000 ஹெர்ட்ஸ் என்றால் 10737 வர வேண்டும், 400 ஹெர்ட்ஸ் என்றால் 4295. உங்களுக்கு 4294 வந்தால், வகுத்தலில் தசமம் வெட்டுப்படுகிறது என்று பொருள்; வகுக்கும் முன் 12,500,000-ஐக் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும். 64 பிட்டுக்குப் பதில் டபுள் என்ற தசம எண் வகையைப் போட்டால் போதுமே என்று தோன்றும். 8 பிட் அர்டுயினோ போர்டுகளில் டபுளும் வெறும் 32 பிட் ஃப்ளோட்தான், 24 பிட் துல்லியம்தான் கிடைக்கும். சுமார் 1.5 மெகாஹெர்ட்ஸ் வரை பாதகமில்லை, அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் தேயும். இன்னொன்று, ஸ்கோப் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பழையதானாலும் சின்னதானாலும் பரவாயில்லை, மாட்யூலுக்கு முன்னால் அதை வாங்குங்கள். அதற்கு வழியே இல்லை என்றால், சிப்பின் சைன் வெளியீடு உச்சியிலிருந்து அடிவரை சுமார் 0.6 வோல்ட் என்பதையாவது நினைவில் வையுங்கள். மீட்டரின் ஏசி ரேஞ்சில் 100 ஹெர்ட்ஸ் வைத்து அளந்தால் 0.21 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும்.

அடுத்த சிக்கல் வந்தது உயரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டரைச் சேர்த்தபோது. எம்சிபி41010, 10 கிலோ ஓம், 256 படிகள். ஏடி9833 போலவே இதுவும் எஸ்பிஐ-யில், அதாவது கிளாக் துடிப்புக்கு ஒரு பிட்டாக அனுப்பும் முறையில் பேசும். கம்பிகளைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒரே கிளாக், ஒரே டேட்டா லைனில் இரண்டையும் போட்டேன், எந்தச் சிப்போடு பேசுகிறோம் என்று காட்டும் தேர்வு பின் மட்டும் தனித்தனி. அதுவரை ஒழுங்காக இருந்த அதிர்வெண், பத்துக்கு ஒருமுறை எங்கோ தாவ ஆரம்பித்தது. டேட்டாஷீட்டை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். ஏடி9833 கிளாக் இறங்கும் விளிம்பில் பிட்டைப் படிக்கிறது, அதற்கு, எந்த விளிம்பில் படிப்பது என்பதை வைக்கும் எஸ்பிஐ மோடுகளில் மோட் 2 வேண்டும். நான் இயல்பாக இருக்கும் மோட் 0-விலேயே விட்டிருந்தேன். அதில் இறங்கும் விளிம்பில்தான் டேட்டா மாறுகிறது. அதாவது சிப் படிக்கும் அதே கணத்தில் பிட் மாறிக்கொண்டிருந்தது. கம்பி குட்டையாக இருந்தவரை நல்ல நேரம், ஓடியது; கம்பி நீண்டதும் அந்த நேரம் தீர்ந்தது. டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டரோ ஏறும் விளிம்பில் படிக்கும், அதற்கு மோட் 0 சரி. ஆகவே ஒவ்வொரு முறை பேசும்போதும் அந்தந்தச் சிப்புக்கான மோடை முதலில் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு தேர்வு பின்னைக் கீழே இறக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரே ஒருமுறை மோடை வைத்துவிட்டுப் போனால், கடைசியாக வைத்தது எதுவோ அதுதான் இரண்டுக்கும். வேலை செய்கிறது என்பதற்காக ஒன்றைச் சரி என்று நம்பாதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இந்தப் பிழையோடு நான் ஏழு வாரம் நிம்மதியாக இருந்தேன்.

டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர் இரண்டை எரித்தேன். சாதாரண பொட்டென்ஷியோமீட்டரைப் போல நினைத்து, ±12 வோல்ட்டில் ஓடும் ஆப்-ஆம்ப்பின் (அலையைப் பெருக்கும் ஐசி) ஃபீட்பேக்கில், அதாவது பெருக்கும் அளவைத் தீர்மானிக்கும் இடத்தில், அதை வைத்துவிட்டேன். அதன் மூன்று முனைகளும் அதன் சப்ளைக்குள், அதாவது 0-விலிருந்து 5 வோல்ட்டுக்குள்தான் இருக்க வேண்டும். முதலாவது செத்ததும் புரியாமல் இரண்டாவதையும் அதே இடத்தில் வைத்தேன், அது இன்னும் வலிக்கிறது. அதற்குரிய இடம் சிப்பின் வெளியீட்டுக்கு நேர் பின்னால். அங்கே அலை 0.04 வோல்ட்டுக்கும் 0.65 வோல்ட்டுக்கும் நடுவில், எப்போதும் பூஜ்யத்துக்கு மேலேயே ஓடுகிறது, பொட்டென்ஷியோமீட்டருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அங்கே உயரத்தைக் குறைத்துவிட்டு, பிறகு கெபாசிட்டர் வழியே டிசியை, அதாவது அலை ஏறி நிற்கும் நிலையான வோல்டேஜை நீக்கி, அப்புறம் பெருக்குங்கள். டிசியை நீக்காமல் 16 மடங்கு பெருக்கினால், 0.34 வோல்ட் நடுக்கோடு ஐந்தரை வோல்ட்டாகி அலையின் தலை வெட்டுப்படும். கெபாசிட்டருக்குப் பின்னால் 10 கிலோ ஓம் இருந்தால், 1 மைக்ரோஃபாரட் போடுவது 16 ஹெர்ட்ஸிலேயே அலையைத் தேய்க்கும். எனக்கு 10 ஹெர்ட்ஸ் வேண்டும் என்பதால் 10 மைக்ரோஃபாரட் போட்டேன்.

என்னை அதிகம் குழப்பியது முக்கோணம். 1 கிலோஹெர்ட்ஸில் சைன் நன்றாக இருந்தது. 20 கிலோஹெர்ட்ஸில் பார்த்தால் ஸ்கோப்பில் முக்கோண அலை. ஏடி9833-இல் முக்கோண அலைக்கென்றே ஒரு மோட் பிட் உண்டு. அந்தப் பிட்தான் எப்படியோ மாறிவிடுகிறது என்று கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரை ஒரு வாரம் துருவினேன். எஸ்பிஐ மறுபடி தவறுகிறதோ, மின்சப்ளையில் இரைச்சலோ என்றெல்லாம் ஓடினேன். ஒரு இரவு, வேறொன்றைப் பார்க்கப் போய், ப்ரோபைத் தவறுதலாகச் சிப்பின் வெளியீட்டுப் பின்னிலேயே வைத்தேன். அங்கே சைன்தான். ஆப்-ஆம்ப்புக்குப் பின்னால்தான் முக்கோணம். நான் போட்டிருந்தது எல்எம்358. அதன் வெளியீடு மைக்ரோ விநாடிக்குச் சுமார் 0.3 வோல்ட் வேகத்தில்தான் நகரும். 5 வோல்ட் உச்சமுள்ள சைன் அலை 100 கிலோஹெர்ட்ஸில் ஓட மைக்ரோ விநாடிக்கு 3.14 வோல்ட் வேண்டும். அதிர்வெண்ணை உச்சத்தாலும் 6.28-ஆலும் பெருக்கினால் இந்த அளவு கிடைக்கும். எல்எம்358-ஐ வைத்துக்கொண்டு 10 வோல்ட் அலையை 9.5 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோக முடியும். அதற்கு மேல் ஏற முடிந்த வேகத்தில் நேர்கோடாக ஏறி, இறங்க முடிந்த வேகத்தில் இறங்கும், அதுதான் முக்கோணம். டிஎல்072 போட்டதும் தீர்ந்தது. ஒரே ஆப்-ஆம்ப்பில் 16 மடங்கைக் கேட்காமல், அதே சிப்பில் இருக்கும் இரண்டு ஆப்-ஆம்ப்களிலும் தலா 4 மடங்கு வைத்தேன், அப்படிச் செய்தால் அலைவரிசை தாராளமாகக் கிடைக்கிறது. இந்தச் சுற்றில் டிஎல்072-க்கு மைனஸ் சப்ளை கட்டாயம், 5 வோல்ட் ஒற்றைச் சப்ளையில் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

அந்த மைனஸ் சப்ளையும் சும்மா விடவில்லை. முதலில் போட்ட சின்ன ஸ்விட்சிங் கன்வெர்ட்டரின் இரைச்சல் அலையின் மேல் புல் முளைத்த மாதிரி நின்றது. அதை எடுத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர், +12 வோல்ட்டுக்கு 7812 ரெகுலேட்டர், -12 வோல்ட்டுக்கு 7912 ரெகுலேட்டர் என்று பழைய வழிக்குப் போனேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒரே மாதிரி ஈயம் வைத்தேன். 7812-க்கு முன்பக்கமிருந்து பார்த்தால் இன்புட், கிரவுண்டு, அவுட்புட். 7912-க்குக் கிரவுண்டு, இன்புட், அவுட்புட். அதன் முதுகு உலோகமும் கிரவுண்டு இல்லை, இன்புட்டோடு சேர்ந்தது. இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் இன்சுலேட்டர் இல்லாமல் முடுக்கினால் ஷார்ட். நான் பின்களை மாற்றியதில் ஒரு 7912-உம் ஒரு ஆப்-ஆம்ப்பும் போயின. இதில் நல்லது ஒன்று நடந்தது: அன்றிலிருந்து சப்ளையைத் தனியாக ஓட்டி, +12-உம் -12-உம் மீட்டரில் பார்த்த பிறகுதான் ஐசியைச் சாக்கெட்டில் வைக்கிறேன்.

அதிர்வெண்ணை வரிசையாக மாற்றிக்கொண்டே போகும்போது ஒவ்வொரு படியிலும் ஸ்பீக்கரில் டிக் டிக் என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் ரீசெட் பிட்டோடு ஹெக்ஸ் 2100-ஐ எழுதிக்கொண்டிருந்ததுதான் காரணம். ரீசெட் ஆனால் முள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ரீசெட் செய்துவிட்டு, அப்புறம் 14 பிட், 14 பிட்டாக இரண்டு பாதிகளை அடுத்தடுத்து எழுதினால் போதும், அலை அறுபடாமல் அடுத்த அதிர்வெண்ணுக்கு வழுக்கிப் போகும். 25 மெகாஹெர்ட்ஸ் துடிப்பால் அலையில் வரும் படிக்கட்டுகளை மழுங்கடிக்க, சிப்பின் வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட் ஒன்று போதுமாக இருந்தது. சிப்புக்குள் இருக்கும் 200 ஓமோடு சேர்ந்து அது சுமார் 800 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது. அதே 200 ஓம் காரணமாக, சிப்பின் வெளியீட்டில் நேராக எதையும் மாட்டாதீர்கள், 200 ஓம் சுமை வைத்தால் அலை பாதியாகிவிடும்.

இப்போது பெட்டி மேசைமேல் இருக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸில் அலை 2, 3 சதவீதம் குறைகிறது, அதை நிரலில் ஒரு சின்னத் திருத்தத்தால் சரிக்கட்ட வேண்டும். உயரத்தைச் சட்டென்று மாற்றினால் 10 மைக்ரோஃபாரட் மறுபடி நிரம்பும்வரை வெளியீட்டில் ஒரு தட்டல் வருகிறது, அதற்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. ஒவ்வொரு படியாக மெதுவாக நகர்த்தி இப்போதைக்குச் சமாளிக்கிறேன். மூடியின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் 1000-க்கு 10737, 400-க்கு 4295, மோட் 2, மோட் 0, சிப் பின்னில் 0.6 வோல்ட், முதல் ஆப்-ஆம்ப்புக்குப் பின் 2.5, இரண்டாவதுக்குப் பின் 10 என்று எழுதியிருக்கிறது. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் இடமிருந்து வலமாக அந்த வரிசையில்தான் ப்ரோப் போகும். அதற்குப் பிறகு இதற்காக ஒரு பொருள்கூட மறுபடி வாங்கவில்லை.